ஹாங்காங்கில் மலிவு டிம்சம்: வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு

டிம்சம் என்பது தேநீரோடு சாப்பிடும் சின்னச் சின்னச் சீனப் பலகாரங்கள். அதற்குப் பேர்போன டிம் ஹோ வான் கடை வாசலில் முக்கால் மணி நேரம் நின்று, உள்ளே போனதும் கையில் திணிக்கப்பட்ட தாளில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்து, மூன்று பன் கேட்கப்போய் ஒன்பது பன் வந்து, பில்லில் கேட்காத தேநீருக்கும் காசு போட்டிருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வருகிறவர்கள் ஏராளம். இதில் ஒன்றுகூடக் கடையின் குற்றம் இல்லை. அங்கே வழக்கம் அப்படி. வழக்கம் முன்கூட்டியே தெரிந்தால் வரிசை பாதியாகிவிடும், வயிறும் பையும் தப்பிக்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஹாங்காங்கின் ஷாம் ஷூய் போ பகுதியில், ஃபுக் விங் தெரு 9-11ஆம் எண்ணில் இருக்கும் டிம் ஹோ வான் கிளை. இதில் சொல்லும் முறைகளில் பெரும்பாலானவை அந்த ஊரின் மற்ற மலிவு டிம்சம் கடைகளுக்கும் பொருந்தும். விலைகள் ஹாங்காங் டாலரில். ஒரு டாலருக்குச் சுமார் 11 இந்திய ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கடைக்குப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்

"உலகத்திலேயே மலிவான மிஷ்லின் நட்சத்திர உணவகம்" என்ற பழைய பட்டியல்களை நம்பிப் போகாதீர்கள். 2009இல் மோங் கோக்கில் இருபது பேர் மட்டும் உட்காரும் கடையாகத் தொடங்கிய முதல் கிளை அந்த இடத்தில் இப்போது இல்லை. பழைய பயணக் குறிப்புகளில் அந்த முகவரிதான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. மிஷ்லின் என்ற உணவக வழிகாட்டி நூலின் நட்சத்திரம் கொடுக்கப்படுவது நிறுவனம் முழுமைக்கும் அல்ல, குறிப்பிட்ட கிளைக்கு. ஷாம் ஷூய் போ கிளைக்குப் பல ஆண்டுகள் இருந்த நட்சத்திரம் இப்போது இல்லை. பன் அதே பன்தான், விலையும் இன்னும் மலிவுதான். ஆனால் நட்சத்திரத்தைத் தேடிப் போகிறவர் ஏமாறுவார்.

ஒரே பெயரில் பல கிளைகள் இருப்பதால் டாக்சிக்காரரிடம் "டிம் ஹோ வான்" என்று மட்டும் சொன்னால் எங்கே இறக்குவார் என்று தெரியாது. வரைபடத்தில் கிளையைச் சேமித்து, சீன எழுத்தில் இருக்கும் முகவரியைப் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வணிக வளாகங்களில் இருக்கும் கிளைகள் வசதியானவை, கொஞ்சம் விலை கூடுதல். ஷாம் ஷூய் போ சாதாரண மக்கள் வாழும் பகுதி, கடையும் அந்தத் தரத்தில்தான் இருக்கும்: நெருக்கமான மேசைகள், முதுகில்லாத இருக்கை, சத்தம்.

சிங்கப்பூரில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒன்று: இதே நிறுவனம் 2013இலேயே அங்கே கடை திறந்துவிட்டது. பன் மட்டும்தான் இலக்கு என்றால் அதற்காக விமானம் ஏற வேண்டாம்.

2. ஆவணம்: சாப்பாட்டுக்கு முன் இதை முடியுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் விசா இல்லாமல் 14 நாள் வரை ஹாங்காங்கில் தங்கலாம். ஆனால் "விசா வேண்டாம்" என்பதைக் கேட்டுவிட்டு அப்படியே விமான நிலையம் போய்விடக் கூடாது. வருகைக்கு முந்தைய பதிவு என்ற ஒன்றை ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் செய்தாக வேண்டும். இந்தியர்களுக்கு 2017 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். பதிவுச் சீட்டு இல்லையென்றால் சென்னையிலேயே விமான நிறுவனம் உங்களை ஏற்றாது.

பதிவுக்குக் கட்டணம் கிடையாது. இதுதான் முதல் பொறி. தேடுபொறியில் மேலே வருகிற தரகு இணையதளங்கள் அச்சு அசலாக அரசுப் பக்கம் போலவே இருக்கும், கட்டணம் கேட்கும். பணம் கேட்டாலே மூடிவிட்டு, முகவரி ஹாங்காங் அரசு இணையப் பெயரில் முடிகிறதா என்று பார்த்து உள்ளே போங்கள்.

நிரப்பும்போது கடவுச்சீட்டு எண், பெயர், பிறந்த தேதி மூன்றும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுகளில் குடும்பப்பெயர் கட்டம் காலியாகவோ, அப்பா பெயர் அதில் வந்தோ இருக்கும். கடவுச்சீட்டில் எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அப்படியே போடுங்கள். நீங்களாக முன்பின் மாற்றாதீர்கள். முடிவு பெரும்பாலும் உடனே திரையில் வந்துவிடும். வந்த சீட்டை வெள்ளை ஏ4 தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். போனில் இருக்கிறது என்று காட்டினால் போதும் என்று நம்பாதீர்கள்.

பதிவு ஆறு மாதம் செல்லும், அதற்குள் பலமுறை போய்வரலாம். கடவுச்சீட்டைப் புதுப்பித்தால் பழைய பதிவு போயிற்று, மறுபடி செய்ய வேண்டும். பதிவு கிடைக்கவில்லை என்றால் முறையான விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் விமானச் சீட்டு வாங்கும் முன்பே பதிவைச் செய்து பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த வழி இல்லை, விசா எடுத்தே ஆக வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

உள்ளே நுழையும்போது கடவுச்சீட்டில் முத்திரை குத்தமாட்டார்கள், ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு தருவார்கள். எத்தனை நாள் தங்கலாம் என்பது அதில்தான் இருக்கிறது. குப்பை என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

3. போய்ச்சேர்வது

ஷாம் ஷூய் போ மெட்ரோ நிலையம் சிவப்பு நிறத்தில் குறிக்கப்படும் ட்சூன் வான் தடத்தில் இருக்கிறது. ட்சிம் ஷா ட்சூய், ஜோர்டன், மோங் கோக் எங்கே தங்கியிருந்தாலும் அதே தடம், மாற வேண்டாம். கடை நிலையத்திலிருந்து சில நிமிட நடை. பக்கத்துப் பிரின்ஸ் எட்வர்ட் நிலையத்திலிருந்தும் நடந்து வந்துவிடலாம்.

விமான நிலையத்திலிருந்து நேராக வருகிறவர்கள் விரைவு ரயிலில் சிங் யீ வரை வந்து, துங் சுங் தடத்தில் அடுத்த நிலையமான லாய் கிங்கில் இறங்கி, அங்கிருந்து ட்சூன் வான் தடத்தைப் பிடிக்கலாம். எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். இரண்டு விமானங்களுக்கு நடுவே இதைச் செய்ய நினைப்பவர்கள் கையில் ஏழெட்டு மணி நேரம் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். குடிவரவு வரிசை, போக வர ஒன்றரை மணி நேரம், கடை வரிசை, மறுபடி பாதுகாப்புச் சோதனை என்று கூட்டிப் பார்த்தால் ஐந்து மணி நேரம் சாதாரணமாகப் போய்விடும். இடைநிறுத்தத்தில் வெளியே வந்தாலும் மேலே சொன்ன பதிவு வேண்டும்.

பெட்டியோடு கடைக்குப் போகாதீர்கள். இரண்டு மேசைக்கு நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான் இருக்கும். பெட்டியை ஹோட்டலிலோ விமான நிலையப் பாதுகாப்பறையிலோ விட்டுவிடுங்கள்.

போக்குவரத்துக்கும் பல கடைகளுக்கும் ஆக்டோபஸ் என்ற, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் அட்டை போதும். சாதாரண அட்டைக்கு 50 டாலர் முன்பணம் உண்டு. திருப்பிக் கொடுத்தால் அது வரும், ஆனால் வாங்கிய 90 நாளுக்குள் கொடுத்தால் சிறிது பிடித்தம் செய்வார்கள். கூடவே ரொக்கமாகவும் 20, 50, 100 டாலர் தாள்கள் வைத்திருங்கள். 1,000 டாலர் தாளைச் சின்னக் கடைகளில் வாங்க மாட்டார்கள். பணமாற்று நிலையத்தில் வாங்கும்போதே சின்னத் தாளாகக் கேளுங்கள்.

4. எந்த நேரம், எந்த நாள்

வரிசையின் நீளத்தை முடிவு செய்வது கடையின் புகழ் அல்ல, நீங்கள் போகும் நேரம்தான்.

வார நாளில் பிற்பகல் இரண்டரையிலிருந்து நாலரைக்குள் போங்கள். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும், பள்ளி விட்டு வருகிறவர்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். பல நாள் நேராக உள்ளே போய் உட்காரலாம். இதே நேரத்தில் பெரிய தேநீர் விடுதிகள் பலவற்றில் பிற்பகல் தள்ளுபடியும் உண்டு என்பது கூடுதல் செய்தி.

அடுத்த நல்ல நேரம் கடை திறக்கும் வேளை. காலை ஒன்பது, பத்து வாக்கில் திறப்பார்கள். வார நாளுக்கும் வார இறுதிக்கும் நேரம் மாறும் என்பதால் முந்தின இரவு வரைபடச் செயலியில் பாருங்கள். திறப்பதற்குக் கால் மணி முன்னால் போனால் முதல் சுற்றில் இடம் கிடைத்துவிடும். திறந்து பத்து நிமிடம் கழித்துப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான கணக்கு. முதல் சுற்று நிரம்பியிருக்கும், யாரும் சாப்பிட்டு முடித்திருக்க மாட்டார்கள், நாற்பது நிமிடம் வரிசை ஓர் அடிகூட நகராது.

வார நாள் பன்னிரண்டு முதல் இரண்டு வரை அலுவலகக் கூட்டம். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்று வரை பக்கத்திலேயே போகாதீர்கள். தாத்தா பாட்டி முதல் பேரன் வரை குடும்பமாக டிம்சம் சாப்பிடப் போவது அங்கே ஞாயிற்றுக்கிழமை வழக்கம். அவர்கள் சாவகாசமாக உட்கார்ந்திருப்பார்கள், உட்காரவும் வேண்டும்.

சீனப் புத்தாண்டின் முதல் இரண்டு மூன்று நாள் பல கடைகள் மூடியிருக்கும். அக்டோபர் முதல் வாரத்தில் சீனப் பெருநிலத்தில் விடுமுறை, அப்போது ஊரே வரிசையாக இருக்கும். கோடையில் புயல் எச்சரிக்கை எண் 8 ஏற்றினால் கடைகள் அடைத்துவிடும், மெட்ரோவும் குறைவாகத்தான் ஓடும். வானிலை ஆய்வகத்தின் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

5. டோக்கன் எடுப்பது

ஆட்கள் நிற்கிறார்களே என்று வால்பக்கம் போய் நிற்காதீர்கள். அது பெரும்பாலும் வரிசையே இல்லை. டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும் கூட்டம். நேரே வாசலில் இருக்கும் ஊழியரிடமோ இயந்திரத்திடமோ போய், எத்தனை பேர் என்று சொல்லி எண் வாங்குங்கள். இதைத் தெரியாமல் இருபது நிமிடம் சும்மா நின்றுவிட்டுப் பிறகு டோக்கன் வாங்குகிறவர்களைத் தினமும் அங்கே பார்க்கலாம்.

விரலைக் காட்டினாலே புரிந்துகொள்வார்கள். வாயால் சொல்ல வேண்டுமானால்: ஒருவர் "யாட் வாய்", இருவர் "லோங் வாய்", மூவர் "சாம் வாய்", நால்வர் "செய் வாய்".

டோக்கன் மேசை அளவுப்படி தனித்தனித் தொடராக ஓடும். ஒன்றிரண்டு பேருக்கு ஒரு தொடர், மூன்று நான்கு பேருக்கு ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. உங்களுக்குப் பிறகு வந்தவர் உங்களுக்கு முன்னால் உள்ளே போனால் சண்டைக்குப் போக வேண்டாம், அவர் வேறு தொடர். ஆறு பேர் உட்காரும் மேசை மலிவுக் கடைகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆறு பேராக வந்தவர்கள் மூன்று ஜோடியாகப் பிரிந்து டோக்கன் எடுத்தால் பாதி நேரத்தில் சாப்பிட்டு முடித்துவிடலாம். தனியாகப் போகிறவருக்குத்தான் ராஜயோகம்: "டாப் தோய்" என்று சொன்னால், அதாவது தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்றால், காலியாகும் முதல் நாற்காலி உங்களுக்கு.

எல்லோரும் வந்து சேராமல் பல கடைகளில் உட்காரவிட மாட்டார்கள். "என் மனைவி வந்துகொண்டே இருக்கிறார்" என்பது செல்லாது. எண்ணைத் தாண்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

எண்ணை அந்த ஊர் மொழியான கன்டோனீஸில் கூப்பிடுவார்கள். திரை இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் ஒன்று முதல் பத்து வரை இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: யாட், யீ, சாம், செய், ங், லுக், சாட், பாட், காவ், சாப். ஒன்றும் ஏழும் எட்டும் இரைச்சலில் ஒரே மாதிரிக் காதில் விழும். அதனால் உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று எண் இருக்கும்போதே டோக்கனை ஊழியர் கண்ணில் படும்படி ஒருமுறை காட்டிவிட்டு, கூப்பிடு தூரத்தில் நின்றுகொள்ளுங்கள். எண் தாண்டிப் போனால் சில கடைகளில் அடுத்த இடம் தருவார்கள், சிலவற்றில் புது டோக்கன்தான்.

நீண்ட காத்திருப்பு என்றால் பக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம். மின்சாதனம் குவிந்து கிடக்கும் அப்லியூ தெரு நடக்கிற தூரம்தான். ஆனால் முதலில் ஐந்து நிமிடம் நின்று எத்தனை எண் நகர்கிறது என்று கணக்குப் பார்த்துவிட்டுப் போங்கள். ஓப்பன்ரைஸ் என்ற உள்ளூர்ச் செயலியில் சில கடைகளுக்குப் போனிலேயே டோக்கன் எடுக்க முடியும். உங்கள் கடை அதில் இருக்கிறதா என்று முன்கூட்டிப் பாருங்கள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால் என் அபிப்பிராயம், விட்டுவிடலாம். நல்ல டிம்சம்தான், ஆனால் அதே தரத்தில் இந்த ஊரில் இன்னும் பல கடைகள் இருக்கின்றன.

6. தாளை நிரப்புவது

டோக்கனோடு, அல்லது உட்கார்ந்ததும், பதார்த்தப் பெயர்கள் அச்சிட்ட ஒரு மெல்லிய தாள் கைக்கு வரும். சீனத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரு கட்டம். வரிசையில் நிற்கும்போதே கொடுத்துவிட்டால் அங்கேயே நிரப்பிவிடுங்கள். உட்கார்ந்த கையோடு கொடுத்தால் ஐந்து நிமிடம் மிச்சம்.

கட்டத்தில் டிக் போடாதீர்கள், எண் எழுதுங்கள். எழுதுகிற எண் தட்டுகளின் எண்ணிக்கை, துண்டுகளின் எண்ணிக்கை அல்ல. சுட்ட பன் ஒரு தட்டில் மூன்று வரும். மூன்று பேர் இருக்கிறோமே என்று 3 எழுதினால் ஒன்பது பன் வந்து நிற்கும், திருப்பி எடுக்க மாட்டார்கள். இறால் கொழுக்கட்டையான ஹார் காவும், பன்றி இறைச்சி அடைத்த சியூ மாயும் ஒரு தட்டில் பொதுவாக நான்கு நான்கு.

இரண்டு பேருக்கு ஐந்து அல்லது ஆறு தட்டு சரியாக இருக்கும். முதலில் நான்கு எழுதுங்கள், போதவில்லை என்றால் இன்னொரு தாள் கேட்டு எழுதலாம். பசியோடு நிரப்பும் தாளில் எப்போதும் இரண்டு தட்டு அதிகமாகத்தான் விழும்.

முதல்முறை போகிறவர் எழுத வேண்டியது: சுட்ட சார் சியூ பன் கட்டாயம். மேலே சர்க்கரையும் மாவும் சேர்ந்த மொறுமொறுத்த மூடி, கடித்தால் உதிரும். உள்ளே இனிப்பும் உப்புமாகப் பிசுபிசுத்த பன்றி இறைச்சி. அடுப்பிலிருந்து வந்த சூட்டில் அந்தச் சாறு நாக்கைப் பொசுக்கும், அதனால் முதலில் ஓரத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை வெளியே விடுங்கள். அடுத்து ஹார் காவ். நம் கொழுக்கட்டை மேல்மாவைக் கண்ணாடியாக்கினால் எப்படி இருக்கும், அப்படி; இறால் உள்ளே தெரியும். ஆறினால் மாவு இறுகிவிடும், வந்தவுடன் சாப்பிட்டுவிட வேண்டும். மூன்றாவது லோ பாக் கோ, வெள்ளை முள்ளங்கியைத் துருவி அரிசி மாவோடு வேகவைத்து வெட்டிக் கல்லில் சிவக்கப் போட்டது. நான்காவது மா லாய் கோ, பழுப்புச் சர்க்கரை வாசனையோடு பஞ்சுபோல வரும் ஆவியில் வெந்த முட்டைக் கேக். அரிசிச் சுருளான சோங் ஃபன் டிம் ஹோ வானில் பன்றி ஈரலோடு பெயர்பெற்றது. ஈரல் பிடிக்காதவர்கள் இறால் போட்டதை எழுதலாம்.

7. பன்றி, மாடு, சைவம்: இங்கேதான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்

பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முள்ளங்கிக் கேக் என்றால் சைவம் என்று நினைக்கத் தோன்றும். அதில் சீனத் தொத்திறைச்சியும் உலர்ந்த இறாலும் துண்டு துண்டாக இருக்கும். சியூ மாயில் இறால் தெரிந்தாலும் அடியில் பன்றி இறைச்சி. ஹார் காவின் இறால் கலவையில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய முறை. தாமரை இலையில் மடித்த ஒட்டரிசியைக் கோழி என்று எழுதியிருப்பார்கள். கூடவே பன்றியும் தொத்திறைச்சியும் வரலாம். ஆவியில் வேகவைத்த இறைச்சி உருண்டை பெரும்பாலும் மாடு. இனிப்பு வகை மாவிலும் பன்றிக் கொழுப்பு இருக்க வாய்ப்பு உண்டு. எல்லாம் ஒரே ஆவி அடுக்கில், ஒரே கல்லில்தான் வேகும்.

"இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் பார்வைக்குத் தெரியும் இறைச்சியை மட்டும்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். உலர்ந்த இறால், சிப்பிச் சாறு, கொழுப்பு அந்தக் கணக்கில் வராது. "சிக் ஜாய்" என்றால் புத்த மத வழிச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் புரிந்துகொள்வதால் அந்தக் கடையில் உங்களுக்கு ஏதாவது கிடைத்துவிடும் என்று பொருள் இல்லை. கண்டிப்பான சைவக்காரர்கள் டிம் ஹோ வான் வரிசையில் நிற்கவே வேண்டாம். வெந்த கீரைத்தட்டுக்காகக்கூட, அதிலும் சிப்பிச் சாறு ஊற்றியிருக்கும்.

சைவத்துக்கு வேறு வழி இருக்கிறது. ஹாங்காங் பூங்காவில் தேநீர்ப் பாத்திர அருங்காட்சியகத்தை ஒட்டியுள்ள லாக் சா தேநீர் விடுதியில் டிம்சம் முழுக்கச் சைவம். டயமண்ட் ஹில் நிலையத்துக்குப் பக்கத்தில் நான் லியான் தோட்டத்துக்குள்ளே, செயற்கை அருவிக்குப் பின்னால், சி லின் மடத்தின் சைவ உணவகம் இருக்கிறது. இரண்டும் மலிவு விலை இல்லை, டிம் ஹோ வானைப் போல இரண்டு மடங்கு வரை ஆகலாம். முட்டை, பால், பூண்டு விஷயத்தில் கறாராக இருப்பவர்கள் அங்கேயும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹலால் வேண்டுமென்றால் வான் சாயில் ஓய் குவான் சாலையில் இருக்கும் அம்மார் பள்ளிவாசல், இஸ்லாமிய மையக் கட்டடத்தின் ஐந்தாம் மாடிக்குப் போங்கள். அங்கே இருக்கும் உணவகத்தில் ஹலால் டிம்சம், விலையும் சாதாரண மக்களுக்கானது. டிம்சம் பகல் நேரத்தில்தான்; பிற்பகல் ஆகிவிட்டால் வகைகள் தீர்ந்துபோகும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு போனால் கூட்டம் மொத்தமும் அங்கேதான் இருக்கும், அதற்கு முன்னால் போய்விடுங்கள்.

8. மேசையில்

உட்கார்ந்ததும் "என்ன தேநீர்?" என்று கேட்பார்கள். போ லே என்றால் கறுப்பான பூ-அர் தேநீர், கொழுப்பான பதார்த்தங்களுக்குத் தோது. ஹோங் பின் என்றால் மல்லிகை. சில கடைகளில் கேட்காமலேயே கொண்டுவந்து வைப்பார்கள். எப்படியானாலும் தலைக்கு இவ்வளவு என்று பில்லில் ஏறும், குடித்தாலும் குடிக்காவிட்டாலும். கைக்குழந்தைக்கும் சில இடங்களில் போடுவார்கள்.

பெரிய விடுதிகளில் மேசையில் வேர்க்கடலை, ஊறுகாய்த் தட்டுகள் தானாக வந்து உட்காரும். அதுவும் இலவசம் இல்லை. வேண்டாமென்றால் தொடுவதற்கு முன்பே கையசைத்துத் திருப்பி அனுப்புங்கள்.

பக்கத்தில் இருப்பவர் கோப்பையையும் குச்சியையும் சூடான தேநீரில் அலசுவதைப் பார்ப்பீர்கள். நீங்களும் செய்யலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கெண்டியில் தண்ணீர் தீர்ந்தால் மூடியைச் சாய்த்துத் திறந்து வையுங்கள். ஊழியர் வெந்நீர் ஊற்றுவார். காகிதக் கைக்குட்டை கையோடு கொண்டுபோங்கள். மலிவுக் கடைகளில் பல தருவதில்லை.

பதார்த்தம் எந்த வரிசையில் வேண்டுமானாலும் வரும். இனிப்பு முதலில் வந்தால் முதலில் சாப்பிட வேண்டியதுதான். மேசையில் உங்கள் பில் தாள் இருக்கும்; தட்டு வர வர அதில் குறி போடுவார்கள். மேசையைப் பகிர்ந்துகொள்ளும்போது இந்தத் தாளை உங்கள் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எதிரில் இருப்பவரின் கூடை உங்கள் கணக்கில் குறிக்கப்படும், அல்லது உங்கள் கூடையை அவர் திறந்துவிடுவார். கால் மணி தாண்டியும் ஏதாவது வரவில்லை என்றால் அந்த வரியை விரலால் காட்டிக் கேளுங்கள்.

சாப்பிட்டு முடித்தபின் உட்கார்ந்து பேசுகிற இடம் இது இல்லை. வெளியே ஐம்பது பேர் நிற்கும்போது முக்கால் மணி நேரத்தில் எழுந்துகொள்வது நாகரிகம்.

9. செலவு

ஷாம் ஷூய் போவில் ஒரு தட்டு பெரும்பாலும் 25 முதல் 45 டாலருக்குள். இரண்டு பேர் ஆறு தட்டு எடுத்தால் தேநீரோடு சேர்த்து 220 டாலரை ஒட்டி வரும், சுமார் 2,400 ரூபாய். வணிக வளாகக் கிளைகளிலும் பெரிய விடுதிகளிலும் இதன்மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் ஏறும். அது பில்லில் இருந்தால் தனியாக டிப்ஸ் வேண்டாம், இல்லாத இடத்திலும் யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

பில் தாளை எடுத்துக்கொண்டு நேரே கல்லாவுக்குப் போங்கள். மேசையிலேயே கணக்குக் கேட்கும் கடைகளில் "மாய் தான்" என்றால் போதும். காசு கொடுக்குமுன் தட்டுக் கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்க்கவும்.

10. பார்சலும் மாற்று வழியும்

பன் மட்டும் போதும் என்றால் மேசைக்கு டோக்கன் எடுக்காதீர்கள். பார்சலுக்குத் தனி வரிசை, பத்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தேநீர்க் கட்டணமும் இல்லை. ஆனால் மூடிய பெட்டியில் பன்னின் ஆவி உள்ளேயே சுற்றி, இருபது நிமிடத்தில் மேல்மூடி நமத்துவிடும். பெட்டியை வாங்கியவுடன் மூடியைப் பாதி திறந்து வையுங்கள், அருகிலேயே நின்று சாப்பிட்டுவிடுங்கள். மெட்ரோவுக்குள் பிரிக்க வேண்டாம், ரயிலிலும் கட்டணப் பகுதியிலும் சாப்பிடுவதற்கு அபராதம் உண்டு. ஹார் காவைப் பார்சல் வாங்குவது வீண். மைக்ரோவேவில் பன்னைச் சுடவைத்தால் ரப்பராகிவிடும்.

வரிசை தெருமுனையைத் தாண்டியிருந்தால், அதே ஷாம் ஷூய் போவில் குவெய்லின் தெருவில் ஹொப் யிக் டாய் இருக்கிறது. உள்ளே எதுவும் வைக்காத வெறும் அரிசிச் சுருளை வெட்டி, இனிப்புச் சாறு, எள் விழுது, சோயா, மேலே வறுத்த எள் போட்டுத் தருவார்கள். வரிசை பெரிதாகத் தெரியும், ஆனால் கடகடவென நகரும். அதிகாலை விமானத்தில் வந்து இறங்குகிறவர்களுக்குக் கென்னடி டவுனில் சன் ஹிங்: விடிவதற்கு முன்பே, மூன்று மணிக்கே கதவு திறப்பதற்குப் பேர்போன கடை. அங்கே டோக்கனும் இல்லை, தாளும் இல்லை. காலி நாற்காலியைக் கண்டால் உட்கார்ந்து, ஆவி அடுக்கின் பக்கம் போய் வேண்டிய கூடையைக் கைகாட்டி எடுத்துவர வேண்டியதுதான். ஏழு மணிக்கு மேல் நாற்காலிக்குப் பின்னாலேயே ஆட்கள் வந்து நிற்பார்கள், அதற்கு முன் போய்விடுங்கள்.